தகுதிக்கு இரு வாயில்கள்

ஒரு போட்டியில் யார் வென்றார் என்பதை உலகம் எளிதில் அறிந்துகொள்கிறது. அந்தப் போட்டிக்குள் நுழைய யாருக்கு இடம் கிடைத்தது, யார் வாயிலிலேயே நிறுத்தப்பட்டார் என்பதைக் கேட்போர் சிலரே. வென்றவரின் பெயர் கோப்பையில் பொறிக்கப்படுகிறது; வாயிலில் நின்றவரின் பெயரை எவரும் எழுதி வைப்பதில்லை. ஆயினும், ஒரு போட்டி நேர்மையானதா என்று அறிய விரும்புவோர் இறுதியாட்டத்தைக் காட்டிலும் அந்த வாயிலையே உற்று நோக்குதல் வேண்டும். யாரை உள்ளே விடுவது என்னும் கேள்விக்கு மனிதர் தரும் விடையில் அவர்தம் நீதியுணர்வு வெளிப்பட்டுவிடுகிறது.

இவ்வுண்மைக்கு நல்லதோர் எடுத்துக்காட்டாக விளங்குவது, அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஆண்டுதோறும் மார்ச்சுத் திங்களில் நடைபெறும் கல்லூரிக் கூடைப்பந்து வாகையர் போட்டியாகும். தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் இதனை நடத்துகிறது, அச்சங்கத்தை என்.சி.ஏ.ஏ. என்று சுருக்கமாக வழங்குவர். அச்சங்கத்தின் முதற்பிரிவில் 350க்கும் மேற்பட்ட கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் உள்ளன. 2025ஆம் ஆண்டில் ஆடவர் போட்டிக்குள் நுழைந்த அணிகளோ 68 மட்டுமே. ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்கே இடம். அந்த இடத்தைப் பெறுவதற்குரிய வழிகள் எவை? அவ்வழிகள் எவ்வாறு உருவாயின? அவற்றால் நன்மை அடைந்தோர் யார், நலிந்தோர் யார்? இவ்வினாக்களுக்கு விடை தேடுவோர், விளையாட்டைத் தாண்டிய சில உண்மைகளையும் காண்பர்.

எளிய தொடக்கம்

கூடைப்பந்து ஒரு கல்விக்கூடத்தில் பிறந்த விளையாட்டு. 1891ஆம் ஆண்டின் இறுதியில், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஆசிரியராயிருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பார், பனிக்காலத்தில் மாணவர்கள் கூரையின்கீழ் ஆடத்தக்க விளையாட்டு ஒன்று வேண்டுமெனக் கருதி, பீச்சுப் பழக் கூடைகள் இரண்டை உடற்பயிற்சிக் கூடத்தின் இரு முனைகளிலும் மாட்டி வைத்தார். அந்தக் கூடையே விளையாட்டின் பெயராகவும் நிலைத்துவிட்டது.

தேசிய வாகையர் போட்டி 1939ஆம் ஆண்டில் தொடங்கியது. நாடு எட்டு வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டு, வட்டாரத்துக்கு ஓர் அணியாக எட்டு அணிகள் மட்டுமே தேர்ந்தெடுக்கப்பட்டன. இல்லினாய் மாநிலத்து எவன்ஸ்டன் நகரில் நடந்த இறுதியாட்டத்தில் ஆரிகன் பல்கலைக்கழகம் ஒகாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தை 46க்கு 33 என்னும் புள்ளிக் கணக்கில் வென்றது. அந்த முதற்போட்டியால் நடத்தியவர்களுக்கு நட்டமே மிஞ்சியது. விளையாட்டைத் தோற்றுவித்த நெய்ஸ்மித்தும் அதே ஆண்டின் நவம்பர் திங்களில் மறைந்தார். தாம் மாட்டிய பழக்கூடை பின்னாளில் எத்தகைய பெருஞ்செல்வத்தைச் சுரக்கப் போகிறது என்பதை அவர் அறியார்.

காலம் செல்லச் செல்ல வாயில் அகன்றது. 1951ஆம் ஆண்டில் 16 அணிகள், 1975இல் 32, 1980இல் 48, 1985இல் 64, 2001இல் 65, 2011இல் 68 என்று எண்ணிக்கை வளர்ந்துகொண்டே வந்தது. இவ்வளர்ச்சி வெறும் எண்களின் வளர்ச்சியன்று. ஒவ்வொரு முறை வாயில் அகலும்போதும் அதன் பின்னால் ஒரு மனக்குறையோ ஒரு வாதமோ இருந்தது.

உரிமை வாயில்

இப்போட்டிக்குள் நுழைய இரண்டு வாயில்கள் உள்ளன. ஒன்றை உரிமை வாயில் எனலாம். மற்றொன்றைத் தீர்ப்பு வாயில் எனலாம்.

அமெரிக்கக் கல்லூரிகள் தனித்தனியே நின்று ஆடுவதில்லை. பத்துப் பன்னிரண்டு கல்லூரிகள் ஒன்றுசேர்ந்து ஒரு கூட்டமைப்பாக இயங்குகின்றன. சிலவற்றுக்கு நிலப்பகுதி அடிப்படை. சிலவற்றுக்குக் கல்வி மரபு அடிப்படை. வேறு சிலவற்றுக்கு வருவாயே அடிப்படை. 2025ஆம் ஆண்டில் இத்தகைய கூட்டமைப்புகள் 31 தமக்கென ஓர் உறுதியான இடத்தைப் பெற்றிருந்தன. குளிர்காலம் முழுவதும் தமக்குள் ஆடும் அணிகள், மார்ச்சுத் தொடக்கத்தில் கூட்டமைப்பின் சொந்தப் போட்டியில் மோதும். அதில் வாகை சூடும் அணி எவருடைய தயவும் இன்றித் தேசியப் போட்டிக்குள் செல்லும். அதுவரை பெற்ற தோல்விகள் எத்தனையாயினும் அவற்றை எவரும் கேட்பதில்லை.

இம்முறையின் அழகும் கொடுமையும் ஒன்றாகவே பிணைந்துள்ளன. நான்கு திங்கள் சிறப்பாக ஆடிய அணி, ஓரிரவில் தோற்று வாய்ப்பை இழந்துவிடலாம். நான்கு திங்கள் தடுமாறிய அணி, ஒரு வார எழுச்சியால் உள்ளே போய்விடலாம். 2008ஆம் ஆண்டில் ஜார்ஜியா பல்கலைக்கழக அணி தன் பிரிவில் கடைசி இடத்தில் இருந்தது. கூட்டமைப்புப் போட்டி நடந்துகொண்டிருந்த அட்லாண்டா நகரை அப்போது சூறாவளி தாக்கியது. அரங்கம் சேதமுற, ஆட்டங்கள் வேறோர் அரங்கத்துக்கு மாற்றப்பட்டன. ஒரே நாளில் இரண்டு ஆட்டங்களை ஆட நேர்ந்த ஜார்ஜியா இரண்டிலும் வென்றது. மறுநாள் இறுதியாட்டத்திலும் ஆர்க்கன்சாவை வீழ்த்தித் தேசியப் போட்டிக்குத் தகுதி பெற்றது. 2024ஆம் ஆண்டில் வட கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகம் பருவ இறுதியில் தொடர்ந்து நான்கு ஆட்டங்களில் தோற்றிருந்தது. பின்னர் ஐந்து நாள்களில் ஐந்து ஆட்டங்களை வென்று கூட்டமைப்பின் கோப்பையைக் கைப்பற்றியது. தேசியப் போட்டியிலோ அரையிறுதி வரை முன்னேறியது. அந்த ஐந்து நாள்களுக்கு முன்னர் இவ்வணியை அழைக்க வேண்டும் என்று வாதிட எவரும் இருந்திருக்கமாட்டார்.

உரிமை வாயிலின் உண்மையான பயன் சிறிய கல்லூரிகளுக்கே உரியது. பால்டிமோர் வட்டாரத்திலுள்ள மேரிலாந்துப் பல்கலைக்கழகக் கிளை ஒன்றைச் சுருக்கமாக யு.எம்.பி.சி. என்பர். 2018ஆம் ஆண்டில் அவ்வணி தன் கூட்டமைப்பின் இறுதியாட்டத்தில் வெர்மாண்டு அணியை அதன் சொந்த அரங்கிலேயே எதிர்கொண்டது. ஆட்டம் முடிய ஒரு நொடிகூட இல்லாத வேளையில் எறிந்த மூன்று புள்ளிப் பந்தால் 65க்கு 62 என வென்றது. ஆறு நாள்களுக்குப் பின்னர் அதே அணி, போட்டியின் தலைசிறந்த அணியாகத் தரவரிசையில் முதலிடம் பெற்றிருந்த வர்ஜீனியாவை 74க்கு 54 எனத் தோற்கடித்தது. அதுவரை ஆடவர் போட்டியில் முதல்நிலை அணிகள் பதினாறாம் நிலை அணிகளை 135 முறை சந்தித்து 135 முறையும் வென்றிருந்தன. அந்த நெடுங்கணக்கை ஒரு சிறு கல்விக்கூடம் ஓரிரவில் முடித்து வைத்தது. தேர்வுக்குழு ஒன்று கூடி அமர்ந்து சிறந்த 68 அணிகளை மட்டும் பொறுக்கியிருக்குமாயின், அவ்வணி அந்த அரங்கத்தின் படியைக்கூட மிதித்திராது.

உரிமை வாயிலிலும் விந்தைகள் உண்டு. 2023ஆம் ஆண்டில் நியூ ஜெர்சி மாநிலத்து ஃபேர்லீ டிக்கின்சன் பல்கலைக்கழகம் தன் கூட்டமைப்பின் இறுதியாட்டத்தில் மெரிமாக் கல்லூரியிடம் 66க்கு 67 என ஒரு புள்ளியில் தோற்றது. ஆனால், மெரிமாக் கல்லூரி முதற்பிரிவுக்கு அப்போதுதான் உயர்ந்துகொண்டிருந்தது. புதிதாக உயரும் கல்லூரிகள் நான்காண்டுக் காலம் தேசியப் போட்டியில் ஆடுதல் கூடாது என்பது அந்நாளைய விதி. ஆதலின் வென்றவர் வீட்டில் இருக்க, தோற்றவர் தேசியப் போட்டிக்குச் சென்றனர். முந்திய பருவத்தில் நான்கே ஆட்டங்களில் வென்ற அணி அது. முதற்பிரிவு அணிகளுள் மிகக் குள்ளமான அணி என்றும் பெயர் பெற்றது. அவ்வணி, ஏழடிக்கும் மேல் உயர்ந்த ஆட்டக்காரரைக் கொண்ட பர்டியூ பல்கலைக்கழகத்தை 63க்கு 58 என வென்று, முதல்நிலை அணியைச் சாய்த்த இரண்டாவது பதினாறாம் நிலை அணியாயிற்று. மெரிமாக் ஆட்டக்காரர்களின் மனநிலை அவ்விரவில் எவ்வாறு இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்ப்போரும் உண்டு. விதி ஒருவரை உயர்த்தும்போது மற்றொருவர் நிழலில் நிற்கத்தான் நேர்கிறது.

விதி வளைந்த வரலாறு

முன்னாளில் உரிமை வாயில் ஒன்றே பெருவாயிலாக இருந்தது. ஒரு கூட்டமைப்பிலிருந்து ஓர் அணிக்கு மேல் செல்ல இடமில்லை. கேட்பதற்கு நேர்மையாகத் தோன்றும் இவ்விதி, 1974ஆம் ஆண்டில் தன் குறையை நாடறியக் காட்டிவிட்டது.

அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் கிரீன்ஸ்பரோ நகரில் வட கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகமும் மேரிலாந்துப் பல்கலைக்கழகமும் அட்லாண்டிக் கடற்கரைக் கூட்டமைப்பின் இறுதியாட்டத்தில் மோதின. அந்நாளில் நாட்டின் தலைசிறந்த அணிகளுள் இரண்டு அவை. ஆட்டநேரம் முடிந்தும் முடிவு தெரியவில்லை. கூடுதல் நேரத்தில் 103க்கு 100 என வட கரோலைனா மாநிலம் வென்றது. வென்ற அணி, தொடர்ந்து ஏழு முறை வாகை சூடியிருந்த கலிபோர்னியாவின் யு.சி.எல்.ஏ. அணியை அரையிறுதியில் வீழ்த்தி, நாட்டின் வாகையராகவும் ஆயிற்று. மூன்றே புள்ளியில் தோற்ற மேரிலாந்துக்கோ தேசியப் போட்டியில் ஓர் இடமும் இல்லை. அதனினும் எளிய அணிகள் பல உள்ளே ஆடிக்கொண்டிருக்க, அவ்வணி பருவத்தை அத்துடன் முடித்துக்கொண்டது.

மறு ஆண்டே விதி மாறியது. 1975ஆம் ஆண்டு முதல் ஒரு கூட்டமைப்பிலிருந்து இரண்டாவது அணியும் அழைக்கப்படலாம் என்று முடிவாயிற்று. 1976இல் இந்தியானா, மிச்சிகன் ஆகிய இரண்டும் ஒரே கூட்டமைப்பைச் சேர்ந்தவையாயிருந்தும் இறுதியாட்டத்தில் சந்தித்தன. பழைய விதி நீடித்திருந்தால் அந்த இறுதியாட்டமே நிகழ்ந்திராது. 1980இல் இரண்டு என்னும் வரம்பும் நீங்கியது. ஒரு தோல்வியின் வலி ஒரு விதியைத் திருத்தியது. அதன் பயனை நுகர்ந்தவர்களோ வேறு அணியினர். சீர்திருத்தங்களுள் பலவும் இத்தகையவைதாம். துன்புற்றவர் ஒருவர், பயன்கொள்வோர் பின்வருவோர்.

தீர்ப்பு வாயில்

இவ்வாறு அகன்றதே இரண்டாம் வாயில். 2025ஆம் ஆண்டில் 31 அணிகள் உரிமையால் நுழைய, எஞ்சிய 37 இடங்களைத் தேர்வுக்குழு நிரப்பியது. அக்குழுவில் பன்னிருவர் உள்ளனர். கல்லூரிகளின் விளையாட்டுத்துறை இயக்குநர்களும் கூட்டமைப்புகளின் ஆணையர்களும் ஆவர். மார்ச்சுத் திங்களில் பல நாள்கள் ஓரிடத்தில் கூடி, அணிகளை எட்டெட்டாக எடுத்து, மறைவாக்கு அளித்து வரிசைப்படுத்தி, முன்நிற்கும் நான்கு நான்கை உள்ளே சேர்த்துக்கொண்டே செல்வர். ஓர் உறுப்பினரின் சொந்தக் கல்லூரியைப் பற்றிய பேச்சு எழுந்தால் அவர் அறையைவிட்டு வெளியேற வேண்டும் என்பது விதி. ஞாயிற்றுக்கிழமை மாலையில் முடிவு அறிவிக்கப்படும். அந்நாளைத் தேர்வு ஞாயிறு என்றே அந்நாட்டார் வழங்குகின்றனர். கல்லூரி மண்டபங்களில் ஆட்டக்காரர்கள் தொலைக்காட்சியின்முன் அமர்ந்து, தங்கள் பெயர் வருமா என்று காத்திருப்பர். ஓரிடத்தில் ஆரவாரம் எழும். மற்றோரிடத்தில் இளைஞர்கள் தலைகுனிந்து எழுந்து போவர்.

தீர்ப்பளிப்போருக்கு அளவுகோல் வேண்டும் அன்றோ? 1981ஆம் ஆண்டு முதல் ஒரு கணக்கு முறை பயன்பட்டு வந்தது. ஓர் அணியின் வெற்றி விழுக்காட்டுக்குக் கால் பங்கும், அதன் எதிரணிகளின் வெற்றி விழுக்காட்டுக்கு அரைப் பங்கும், எதிரணிகளின் எதிரணிகளுக்குக் கால் பங்கும் அதில் தரப்பட்டன. 2018இல் அதற்கு மாற்றாக நெட் என்னும் புதிய தரவரிசை வந்தது. ஆட்டத்தின் திறமை, எதிரணியின் வலிமை, ஆடிய இடம் முதலியவற்றை அது கருத்திற்கொள்கிறது. வெற்றிகளும் நான்கு வகைகளாகப் பகுக்கப்படுகின்றன. தரவரிசையில் முதல் 30 இடங்களில் உள்ள அணியைச் சொந்த அரங்கில் சந்தித்தால் அது முதல்வகை ஆட்டம். பொது அரங்கில் சந்தித்தால் முதல் 50 இடங்கள் வரையும், எதிரணியின் அரங்குக்கே சென்று சந்தித்தால் முதல் 75 இடங்கள் வரையும் அதே மதிப்புப் பெறும். பிறர் வீட்டுக்குச் சென்று வெல்வது கடினம் என்பதை இக்கணக்கு ஏற்றுக்கொள்கிறது.

கணக்கு நேர்மையானதே. ஆனால், கணக்குக்குள் நுழையுமுன்னரே ஒரு நேர்க்கேடு ஒளிந்திருக்கிறது. பெரிய கல்லூரிகள் தம் வலிமைமிக்க கூட்டமைப்புக்குள் ஆடும்போதே முதல்வகை ஆட்டங்கள் பல அவற்றுக்குத் தாமாகவே வாய்க்கின்றன. பத்து முறை தோற்றாலும் மூன்று நான்கு முறை வென்றால் அவ்வெற்றிகள் ஒளிவிடும். சிறிய கல்லூரிகளுக்கு அத்தகைய ஆட்டங்களே அரிது. பெரிய அணிகள் சிறிய அணிகளின் அரங்குக்கு வந்து ஆட விரும்புவதில்லை. வென்றால் பெருமையில்லை, தோற்றால் பெரும்பழி என்று ஒதுங்கிக்கொள்கின்றன. மாறாக, பணம் கொடுத்துச் சிறிய அணிகளைத் தம் அரங்குக்கு வரவழைக்கின்றன. தேர்வு எழுதும் அறைக்குள்ளேயே விடப்படாத மாணவனை நோக்கி, உன் மதிப்பெண் எங்கே என்று கேட்பதற்கு இது ஒப்பாகும்.

2024ஆம் ஆண்டில் இந்தியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு நேர்ந்ததும் இதுவே. அவ்வணி 28 ஆட்டங்களில் வென்று ஆறில் மட்டுமே தோற்றிருந்தது. புதிய தரவரிசையில் முதல் 30 இடங்களுக்குள்ளும் இருந்தது. எனினும், தன் கூட்டமைப்பின் இறுதியாட்டத்தில் டிரேக் பல்கலைக்கழகத்திடம் 80க்கு 84 எனத் தோற்றது. உரிமை வாயில் மூடியது. தேர்வுக்குழுவும் கைகொடுக்கவில்லை. அவ்வணி மனந்தளராது இரண்டாம்நிலைப் போட்டியான தேசிய அழைப்புப் போட்டிக்குச் சென்று, அதன் இறுதியாட்டம் வரை வென்று, அங்கே இரண்டே புள்ளியில் கோப்பையை இழந்தது.

மறு ஆண்டும் சர்ச்சை ஓயவில்லை. 2025இல் வட கரோலைனாப் பல்கலைக்கழகம் முதல்வகை ஆட்டங்கள் பதின்மூன்றில் ஒன்றே ஒன்றில் வென்றிருந்தும் கடைசி அணிகளுள் ஒன்றாக இடம்பெற்றது. மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழகம் வெளியே நின்றது. அவ்வாண்டுத் தேர்வுக்குழுவின் தலைவர் வட கரோலைனாவின் விளையாட்டுத்துறை இயக்குநராக இருந்தமையால் ஐயம் பெருகியது. தம் கல்லூரியைப் பற்றிய பேச்சின்போது அவர் அறையில் இல்லை என்று குழுவினர் விளக்கினர். மேற்கு வர்ஜீனியாவின் ஆளுநரே செய்தியாளரைக் கூட்டிக் கண்டனம் தெரிவிக்கும் அளவுக்குச் செய்தி வளர்ந்தது. வட கரோலைனாவோ தன் முதலாட்டத்தில் சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்தை 95க்கு 68 என எளிதாக வென்றது. அந்த வெற்றி அவ்வணியின் திறமையைக் காட்டியது. தேர்வு முறையின் மீதெழுந்த ஐயத்தை அது போக்கவில்லை. தீர்ப்பு சரியாக இருத்தல் மட்டும் போதாது. அது சரியானதென்று தோற்றவரும் நம்பத்தக்க வகையில் அமைதல் வேண்டும்.

அதே வேளையில், தீர்ப்பு வாயிலை முற்றும் பழித்தலும் முறையன்று. 2011ஆம் ஆண்டில் வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழகத்தைச் சேர்த்ததற்காகத் தேர்வுக்குழுவைப் பலர் எள்ளி நகையாடினர். கடைசியாக இடம்பெற்ற அணிகளுக்காக ஒகாயோ மாநிலத்து டேட்டன் நகரில் நடத்தப்படும் முன்சுற்றில் தொடங்கிய அவ்வணி, கான்சஸ் உள்ளிட்ட ஐந்து அணிகளை வரிசையாக வென்று அரையிறுதியை எட்டியது. ஏளனம் செய்தவர்கள் வாயடைத்துப் போயினர்.

தகுதி பெற்றும் செல்லாதவர்

வாயிலில் நின்றவர்களின் கதை இதுவரை கூறப்பட்டது. வாயில் திறந்திருந்தும் உள்ளே செல்லாதவர்களின் கதை ஒன்றும் உண்டு. இப்போட்டியின் வரலாற்றிலேயே மனத்தை மிகவும் தொடும் பகுதி அதுதான்.

மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகம் 1959, 1961, 1962 ஆகிய ஆண்டுகளில் தன் கூட்டமைப்பின் வாகையராகித் தேசியப் போட்டிக்குரிய தகுதியை ஈட்டியது. மூன்று முறையும் அவ்வணி செல்லவில்லை. கறுப்பினத்தவர் ஆடும் அணிகளோடு அம்மாநிலக் கல்லூரிகள் ஆடுதல் கூடாது என்னும் எழுதப்படாத தடையே காரணம். இளைஞர்கள் வியர்வை சிந்தி ஈட்டிய உரிமையை முதியோரின் வெறுப்பு மும்முறை பறித்தது.

1963இல் அவ்வணி மீண்டும் வாகை சூடியது. பல்கலைக்கழகத் தலைவர் டீன் கால்வர்டு இம்முறை அணியை அனுப்புவதென உறுதிபூண்டார். எதிர்ப்பாளர்கள் நீதிமன்றத்தை நாடித் தடையாணை பெற்றனர். ஆணை கையில் வந்து சேர்வதற்குமுன் கால்வர்டும் பயிற்றுநர் பேப் மெக்கார்த்தியும் மாநில எல்லையைக் கடந்துவிட்டனர். அணியும் ஓசைப்படாமல் விமானமேறி வெளியேறியது. கூடைப்பந்து ஆடுவதற்காக மாணவர்கள் தம் சொந்த மாநிலத்திலிருந்து மறைந்து செல்ல நேர்ந்ததை என்னென்பது!

மார்ச்சு 15ஆம் நாள் மிச்சிகன் மாநிலத்து ஈஸ்ட் லான்சிங் நகரில் அவர்கள் சிகாகோவின் லொயோலா பல்கலைக்கழகத்தைச் சந்தித்தனர். லொயோலா அணியின் முதல் ஐவருள் நால்வர் கறுப்பின இளைஞர்கள். ஆட்டம் தொடங்குமுன் இரு தலைவர்களும், லொயோலாவின் ஜெர்ரி ஹார்க்னஸும் மிசிசிப்பியின் ஜோ டான் கோல்டும், அரங்கின் நடுவில் கைகுலுக்கிக்கொண்டனர். நாற்புறமும் படக்கருவிகள் மின்னின. லொயோலா 61க்கு 51 என வென்றது. பின்னர் அவ்வாண்டின் வாகையராகவும் ஆயிற்று. தோற்ற மிசிசிப்பி அணியினர் ஊர் திரும்பினர். அவர்கள் ஆடிய ஆட்டம் மாற்றத்தின் ஆட்டம் என்று இன்றளவும் நினைவுகூரப்படுகிறது. 2011ஆம் ஆண்டில் கோல்டு மறைந்தபோது, முதுமையெய்திய ஹார்க்னஸ் அவர்தம் இறுதிச் சடங்கிற்குச் சென்று கலந்துகொண்டார். ஒரு கைகுலுக்கல் அரை நூற்றாண்டு நிலைத்துவிட்டது.

இதற்கும் முன்னர், 1947ஆம் ஆண்டில், இந்தியானா மாநிலக் கல்லூரிக்கு வேறொரு தேசியப் போட்டியிலிருந்து அழைப்பு வந்தது. அணியில் இருந்த கிளாரன்ஸ் வாக்கர் என்னும் கறுப்பின மாணவர் மட்டும் ஆடுதல் கூடாது என்பது அப்போட்டியின் விதி. அணியின் இளம் பயிற்றுநராயிருந்த ஜான் உட்டன் அழைப்பையே ஏற்க மறுத்துவிட்டார். மறு ஆண்டு அவ்விதி நீங்கியது. வாக்கரும் அப்போட்டியில் ஆடினார். நுழைவதற்குரிய தகுதியை ஈட்டுவது ஒரு பெருமை. ஒருவனைப் புறத்தே நிறுத்தித்தான் நுழைய வேண்டுமெனில், நுழையாதிருப்பது அதனினும் பெருமை.

மகளிரும் மாணவரும்

மகளிர்க்கு இவ்வாயில் நெடுங்காலம் திறக்கவேயில்லை. ஆடவர் போட்டி தொடங்கி 43 ஆண்டுகள் கழிந்த பின்னரே, 1982இல், இச்சங்கம் மகளிர் போட்டியைத் தொடங்கியது. 32 அணிகள் ஆடிய அம்முதற்போட்டியின் இறுதியாட்டத்தில் லூசியானா டெக் அணி, கறுப்பின மக்களுக்கென எழுந்த கல்லூரியாகிய செய்னி மாநிலக் கல்லூரியை 76க்கு 62 என வென்றது. செல்வமும் வசதியும் குறைந்த அச்சிறு கல்லூரி நாட்டின் இறுதியாட்டம் வரை எழுந்து வந்ததே பெருஞ்சாதனை. மகளிர் போட்டியில் 64 அணிகள் ஆடும் நிலை 1994இலும், ஆடவரைப் போன்று 68 அணிகள் ஆடும் நிலை 2022இலுமே வந்தன.

ஆட்டக்காரர்கள் மாணவர்களே என்பதை நினைவூட்டும் விதி ஒன்றும் உண்டு. அணியினர் படிப்பில் எவ்வாறு முன்னேறுகின்றனர் என்பது 1000 புள்ளிகளைக் கொண்ட அளவுகோலால் கணிக்கப்படுகிறது. நான்காண்டுச் சராசரி 930க்குக் குறைந்தால், அரங்கில் எத்துணை வென்றாலும் வாகையர் போட்டியில் இடமில்லை என்னும் நிலை உருவாக்கப்பட்டது. படிப்பில் பின்தங்கியமையால் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் ஆடவர் அணி 2013ஆம் ஆண்டுப் போட்டியிலிருந்து விலக்கப்பட்டது. மறு ஆண்டு தகுதியுடன் திரும்பிவந்து, 60க்கு 54 எனக் கென்டக்கியை வென்று நாட்டின் வாகையராயிற்று. பந்தை ஏந்தும் கை ஏட்டையும் ஏந்த வேண்டும் என்பதை நினைவூட்டிய நிகழ்ச்சி இது.

பொருளும் அறமும்

நட்டத்தில் தொடங்கிய போட்டி இன்று பெரும் பொருளின் ஊற்றாக மாறிவிட்டது. ஆடவர் போட்டியின் ஒளிபரப்பு உரிமைக்காக 2010ஆம் ஆண்டில் 14 ஆண்டுகளுக்கு 1,080 கோடி டாலர் என ஒப்பந்தமாயிற்று. 2016இல் மேலும் 880 கோடி டாலருக்கு அது 2032ஆம் ஆண்டு வரை நீட்டிக்கப்பட்டது. ஓர் அணி ஆடும் ஆட்டங்களுக்கேற்ப அதன் கூட்டமைப்புக்குப் பங்கு கிடைக்கிறது. ஆதலின், வாயிலில் நிற்பது இன்று வெறும் மானப் பிரச்சினையன்று. வருவாய்ப் பிரச்சினையும் ஆகும். சிறிய கூட்டமைப்புகளுக்கு எதற்காக உறுதியான இடம், அவ்விடத்தையும் வலியவர்களுக்கே தந்தால் ஆட்டத்தின் தரம் உயருமே என்னும் குரல் அவ்வப்போது எழுகிறது.

தரம் உயரலாம். ஆனால், போட்டியின் உயிர் போய்விடும். பால்டிமோரின் சிறு கல்வி நிலையமும் நியூ ஜெர்சியின் குள்ளமான அணியும் மக்கள் மனத்தில் நிலைபெற்றமைக்குக் காரணம் யாது? எவருடைய அனுமதியும் வேண்டாது, வென்றால் போதும் என்னும் உறுதிமொழி ஒன்று அவர்களுக்கு இருந்தது. அந்த உறுதிமொழி 350க்கும் மேற்பட்ட கல்லூரிகளின் மாணவர்க்கும் நவம்பர்த் திங்களில் நம்பிக்கையைத் தருகிறது. தீர்ப்பு வாயில் மேரிலாந்து போன்ற நல்லணிகளுக்கு இழைக்கப்படும் அநீதியைத் தடுக்க வேண்டும். உரிமை வாயில் எளியவர்களைத் தீர்ப்பாளரின் மறதியிலிருந்து காக்க வேண்டும். இரண்டும் இருந்தால்தான் ஒன்றன் குறையை மற்றொன்று ஈடுசெய்யும்.

பள்ளியிலும் பணியிலும் பரிசிலும் மனிதர்கள் இத்தகைய வாயில்களின்முன் நின்றுகொண்டேயிருக்கின்றனர். அங்கெல்லாம் அளப்போர் இருப்பர், அளவுகோல்களும் இருக்கும். எந்த அளவுகோலும் எல்லாரையும் அளந்துவிடாது. ஆதலின், அளப்பவரின் கண்ணில் படாதவனும் தன் கைவலியால் திறந்துகொள்ளக்கூடிய கதவு ஒன்றாவது எங்கும் இருத்தல் வேண்டும். அக்கதவு இருக்கும் வரையில், தோற்றவனும் அடுத்த ஆண்டை எண்ணிப் பந்தைக் கையிலெடுப்பான்.